டப்பா ஒன்று, உள்ளே ஒன்று

சிடி டப்பாவின் அட்டையில் சிவப்புக் கோட்டு போட்ட ஆட்கள் பித்தளைக் குழல்களோடு வரிசையாக நின்றார்கள். வில்ஃப் டாட்சன் சிடியை எடுத்துப் பிளேயரில் போட்டுவிட்டு, டீக் கோப்பையோடு நாற்காலியில் சாய்ந்தார். பேண்டு வாத்தியம் வரவில்லை. கடலலை வந்தது. கரையில் மோதி, பின்வாங்கி, மறுபடியும் மோதியது. நடுவே ஒரு பெண் மெதுவான குரலில், "உங்கள் தோள்கள் தளர்கின்றன" என்றாள்.

வில்ஃபின் தோள்கள் இறுகின.

எழுந்துபோய் சிடியை வெளியே எடுத்துப் பார்த்தார். 'ஆழ்ந்த உறக்கத்துக்கு' என்று சின்ன எழுத்தில் இருந்தது. அப்படி ஒரு சிடியை அவர் வாங்கியதே இல்லை. தூக்கம் அவருக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததும் இல்லை, சமீபகாலம் வரைக்கும். பேண்டு வாத்திய சிடி எங்கே போனது? அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எதற்குள்ளும் அது இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. ஐரிஷ் பிடில் என்று எழுதிய டப்பாவுக்குள் குழந்தைகளுக்கான பாட்டு சிடி இருந்தது.

இது முதல் தடவை இல்லை. பனிக்காலம் முடிந்ததிலிருந்தே இப்படி ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தது. அட்டையில் ஒன்று, உள்ளே வேறொன்று. எப்படி என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க அவருக்குப் பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் அண்ணன் ஹெரால்டு. அவருக்கு மறதி நோய் ஆரம்பித்தது இப்படித்தான். ரொட்டி டப்பாவில் சாவிக்கொத்து கிடந்தது. கருவிப் பெட்டியில் வெண்ணெய்க் கட்டி உருகிக் கிடந்தது. முதலில் எல்லாரும் சிரித்தார்கள்; ஹெரால்டும் சேர்ந்து சிரித்தார். பிறகு காரோட்டும் உரிமத்தைப் பிடுங்கினார்கள். கடைசியில் வில்ஃபைப் பார்த்து, "நீங்க பால்காரரா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு பொருள் தனக்குரிய இடத்தை விட்டு இன்னொன்றின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்தக் குடும்பத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வில்ஃப், இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரின் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு அவருடைய வாரத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தது தர்மக் கடைகள்தான். கடைத்தெருவின் மேல்முனையில் வீடில்லாப் பூனைகளுக்காகக் காசு சேர்க்கிற கடை, நடுவில் இதயநோயாளிகளுக்கான கடை, ஆற்றுப் பக்கம் திரும்பினால் ராவன்பெக் இல்லத்தின் கடை. ராவன்பெக் என்பது இனிப் பிழைக்கமாட்டார்கள் என்று ஆனவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிற இடம். ஊரார் தங்களுக்கு வேண்டாததை மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை விற்ற காசில் அங்கே படுக்கையும் நர்சும். பாட்டும் படமும் இப்போது எல்லாருக்கும் போனிலேயே வந்துவிடுவதால் சிடியும் டிவிடியும் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. மற்றவர்கள் விட்டெறிந்ததை வில்ஃப் பொறுக்கினார். ஒரு பவுண்டுக்கு ஒரு மணி நேரப் பாட்டு. அதைவிட, அதைச் சுத்தம் செய்கிற வேலை அவருக்குப் பிடிக்கும்.

வாங்கிவந்தவற்றைச் சமையலறை மேசையில் பரப்பிக்கொள்வார். முதலில் ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் பசை தங்கிவிடும். தலைமுடி காயவைக்கிற கருவியால் சூடு காட்டினால் ஸ்டிக்கர் தானாக எழுந்து வரும். அடுத்து சிடி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி. துடைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சிடியில் பாட்டு நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகப் பதிந்திருக்கிறது. வட்டமாகத் துடைத்தால், விழுகிற கீறல் அந்தச் சுருளோடு கூடவே ஓடி ஒரே பாட்டை நீளமாகத் தின்றுவிடும். நடுவிலிருந்து நேராக விளிம்புக்கு இழுத்துத் துடைத்தால், கீறல் விழுந்தாலும் சுருளைக் குறுக்கே வெட்டும். ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் போகும். அந்தத் துளியைப் பிளேயரே அக்கம்பக்கம் பார்த்து நிரப்பிக்கொள்ளும். இதை யாராவது கேட்டால் வில்ஃப் அரைமணி நேரம் சொல்வார். கேட்கத்தான் ஆள் இல்லை.

துடைத்த சிடிகளைப் பாத்திரம் வடிய வைக்கிற கம்பித் தட்டில் வரிசையாக நிற்கவைப்பார். டப்பாக்கள் மேசையில் திறந்து கிடக்கும். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் அதனதன் டப்பாவில் வைத்து மூடுவார். ஆக, வீட்டில் மாறிப்போக வேண்டுமென்றால் மாறக்கூடிய இடம் அந்த மேசைதான். மாற்றக்கூடிய கை அவருடைய கைதான். வேறு எப்படி யோசித்தாலும் அங்கேயே வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஜெனின் வறுத்த கோழியோடு வந்தாள். சாப்பிட்டபிறகு இருவரும் ஒரு படம் பார்ப்பது வழக்கம்.

"என்னப்பா படம் இன்னிக்கு?"

"நீர்மூழ்கிக் கப்பல். சண்டைப் படம். பூனைக் கடையில எடுத்தேன்."

"மறுபடியும் தண்ணிக்கு அடியிலயா? போன வாரம்தானே மூச்சுமுட்டிச் செத்தேன்."

"இதுல கடைசில மேல வந்துடுவாங்க."

"முடிவையும் சொல்லியாச்சா? நல்லதாப் போச்சு. போடுங்க."

டிவிடி சுழன்றது. திரையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மாவு சலித்துக்கொண்டே, "பஞ்சு மாதிரி கேக் வேண்டுமென்றால் வெண்ணெய் குளிர்ந்திருக்கக் கூடாது" என்றார்.

ஜெனின் சிரித்தாள். "கப்பல் எங்கப்பா? அடுப்புக்குள்ள போயிடுச்சா?"

வில்ஃப் சிரிக்கவில்லை. டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்தினாள். எழுந்து அலமாரிக்குப் போய் ஒரு டப்பாவைத் திறந்தாள், சரியாக இருந்தது. இன்னொன்று, அதுவும் சரி. மூன்றாவது ஐரிஷ் பிடில்.

"அப்பா, இது எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா? துடைக்கறப்போ மாறியிருக்கும். உங்கம்மாவும்தான் காலுறையை ஜோடி மாத்தி வைப்பா."

"பெரியப்பாவும் இதையேதான் சொன்னாரு."

ஜெனின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளோடு தோள் இடித்தாள்.

"டாக்டர்கிட்ட போவோமா? சும்மா நாலு கேள்வி கேப்பாங்க. இன்னிக்கு என்ன கிழமை, கடிகாரம் வரைஞ்சு காட்டுங்க, அவ்வளவுதான்."

"எனக்குக் கடிகாரம் வரையத் தெரியாதுன்னு நெனக்கிறியா? நான் கடிகாரப் பெட்டியே செஞ்சவன்."

"தெரியும்பா. அதனாலதான் சொல்றேன். போய் வரைஞ்சுட்டு வந்துடுங்க."

அவளே போன் செய்து வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினாள். போகும்போது வாசலில் நின்று கார்ச் சாவி மாட்டியிருந்த ஆணியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் வில்ஃப் அந்த வாரம் முழுக்கச் சுமந்து திரிந்தார்.

சோதித்துப் பார்க்க வழி இல்லாமல் இல்லை. மிகச் சுலபமான வழி. கடையிலிருந்து வெளியே வந்ததும், வீட்டுக்குப் போகாமல், துடைக்காமல், அங்கேயே டப்பாவைத் திறந்து பார்ப்பது. உள்ளே இருப்பது அப்போதே தப்பாக இருந்தால் குற்றம் கடையுடையது. அங்கே சரியாக இருந்து, வீட்டில் தப்பாகப் போனால் குற்றம் தன்னுடையது. மரத்தை அளந்து அறுக்கிற ஆளுக்கு இது முதல் வாரமே தோன்றியிருக்க வேண்டும். தோன்றத்தான் செய்தது. ஆனால் அளந்தால் அளவு தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள அவருக்குத் துணிவு வரவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார்.

கல்லாவிலேயே திறந்து பார்க்கலாமே என்றால், அது அந்த ஊரில் நடக்காத காரியம். சம்பளம் வாங்காமல் நின்று விற்கிற ஒரு வயதான பெண்மணியின் கண் எதிரே டப்பாவைத் திறந்து சோதிப்பது, 'நீ ஏமாற்றுகிறாய்' என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. வாங்கிப் போனது சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருவது அதைவிடக் கேவலம். சாகக் கிடக்கிறவர்களின் படுக்கைக்காக நடத்துகிற கடையில் ஒரு பவுண்டுக்குப் போய் வாயைத் திறப்பதா? கெட்டுப்போன பொருள் வந்தால் சத்தமில்லாமல் அடுத்த மூட்டையில் போட்டு வேறொரு தர்மக் கடையில் கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் அப்படித்தான். வில்ஃபும் அப்படித்தான்.

புதன்கிழமை மழை பெய்தது. மறுநாள் டாக்டர். வில்ஃப் ராவன்பெக் கடைக்குப் போனார். அலமாரியில் இருந்து கப்பல் மாலுமிகளின் பாட்டு சிடி ஒன்றை எடுத்தார். இந்தக் கடையில் அலமாரியில் இருக்கும் டப்பாக்கள் வெறும் டப்பாக்கள். உள்ளே வைத்தால் சிடியை மட்டும் உருவிக்கொண்டு போகிறார்கள் என்பதால், சிடியைத் தனியே காகித உறையில் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் இழுப்பறையில் வைத்திருப்பார்கள். டப்பாவிலும் உறையிலும் ஒரே எண் எழுதிய வட்ட ஸ்டிக்கர். எண்கள் நூறுக்கு மேலே போகாது. ஒன்று விற்றுப்போனால் அந்த எண் அடுத்து வருவதற்கு. டப்பாவைக் கல்லாவில் கொடுத்தால், எண்ணைப் பார்த்து உறையை எடுத்து, சிடியை டப்பாவில் வைத்து மூடிக் கொடுப்பார்கள்.

கல்லாவில் பெரில் இருந்தார். விரல் மூட்டுகள் வீங்கிய கைகள். எட்டி வாங்க அவர் சிரமப்படுவார் என்று எல்லாரும் டப்பாவை மேசைமேல் அவருக்கு முன்னால் வைத்துவிடுவார்கள்.

"வாங்க வில்ஃப். இன்னிக்குக் கடல் பாட்டா? வெளியில இருக்கற தண்ணி போதலையா?"

"மிதக்கப் பழகிக்கறேன் பெரில்."

சிரித்துக்கொண்டே குனிந்து உறையைத் தேடினார். வைத்து மூடிப் பையில் போட்டார். "நனையாமப் போங்க கண்ணு."

காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார் வில்ஃப். கண்ணாடியில் மழை வழிந்தது. இன்றைக்குப் பார்க்காவிட்டால் நாளைக்கு டாக்டர் பார்த்துச் சொல்வார். அதற்கு இது தேவலை. டப்பாவைத் திறந்தார்.

ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளுங்கள், முதல் பாகம்.

முதலில் வந்தது மூச்சு. அத்தனை வாரமும் பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்து கண்ணாடியில் ஆவியாகப் படர்ந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டார். உடனே சந்தேகம் முளைத்தது. இந்தக் கடையில் வாங்கியதில் பெரும்பாலானவை சரியாகத்தானே இருந்தன? இழுப்பறை கலைந்திருந்தால் எல்லாம் அல்லவா மாற வேண்டும்? எப்போதாவது ஒன்று மட்டும் மாறுகிறதென்றால், அது இழுப்பறையின் குற்றம் மாதிரி இல்லை. மனிதக் குற்றம் மாதிரி இருக்கிறது. தான் எடுத்தது மாலுமிப் பாட்டு டப்பாதானா, அல்லது... டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். மாலுமிகள் இருந்தார்கள். உள்ளே போய்க் கேட்டால்தான் தீரும். அந்த ஊரில் யாரும் கேட்காததைக் கேட்க வேண்டும்.

கடைக்குள் வரிசை நின்றது. பச்சை மழைக்கோட்டு போட்ட ஒரு பெண், அவளுக்குப் பின்னால் நாயைக் கயிற்றில் பிடித்த ஒரு ஆள். வில்ஃப் தன் முறைக்குக் காத்து நின்றார். முறை வந்தபோது முகம் சிவந்துவிட்டது.

"பெரில், தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணுமே இல்லாத விஷயம். திருப்பிக் கொடுக்கவெல்லாம் வரலை. காசும் வேண்டாம். இதுல... இதுல ஸ்பானிஷ் இருக்கு."

"என்ன இருக்கு?"

"மாலுமிப் பாட்டுக்குப் பதிலா ஸ்பானிஷ் பாடம். பரவால்ல, நான் கத்துக்கறேன். சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

சாமான் வாங்கி முடித்துக் குடையை விரித்துக்கொண்டிருந்த பச்சைக் கோட்டுக்காரி நின்றாள்.

"உங்களுக்குமா?" என்றாள்.

வில்ஃப் திரும்பினார்.

"எனக்கு ஓபரா டப்பால நாட்டுப்புறப் பாட்டு வந்துது. போன மாசம். என் வீட்டுக்காரர்தான் மாத்திட்டாருன்னு ரெண்டு நாள் அவரோட பேசல."

நாய்க்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்குப் பேய்ப் படம் வாங்கினா தோட்டக்கலை. பொண்டாட்டி பயந்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா. ரோஜாச் செடிக்கு எப்படிக் கவாத்து பண்றதுன்னு சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப ஏன்யா சொல்லல?" என்றார் வில்ஃப், தன்னையும் அறியாமல் குரல் உயர்ந்தது. "ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?" என்றாள் பச்சைக் கோட்டுக்காரி.

"அந்த ரோஜாவை என்ன பண்ணீங்க?" என்றார் வில்ஃப் நாய்க்காரரிடம்.

"என்ன பண்றது, பூனைக் கடையில போட்டுட்டேன்" என்றார் நாய்க்காரர். "பேய் டப்பாவோட."

வில்ஃபுக்கு உள்ளே ஏதோ லேசாகியது. தன்னைப் போல ஒரு ஊரே அவரவர் வீட்டில் உட்கார்ந்து தன்னையோ வீட்டாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் அந்த லேசு நிலைக்கவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து கடை மேலாளர் கேனர் வந்திருந்தாள். சம்பளம் வாங்குகிற ஒரே ஆள். எப்போதும் ஓட்டமாக இருப்பவள். விஷயத்தைக் கேட்டாள். அவள் கண் முதலில் போனது பெரில் பக்கம்.

"எல்லாம் எந்தக் கிழமைல வாங்கினது?" என்று கேட்டாள்.

பெரில் கல்லாவில் நிற்கிற கிழமைகள் எல்லாருக்கும் தெரியும்; யாரும் சரியாகச் சொல்லவில்லை. சொல்ல விரும்பவில்லை. பெரிலே சொன்னார்.

"கெளமையெல்லாம் எதுக்கு? அப்ப நான்தான்."

"பெரில், நான் அப்படிச் சொல்லலை."

"நீ சொல்லலை. நான் சொல்றேன். சில தடவை நம்பர் இருக்கற இடத்துல உறையே இருக்காது. காணாமப் போயிடுச்சு, வேற எடுத்துக்கோங்கன்னு அனுப்பியிருக்கேன். நானே எங்கயாவது வெச்சுட்டேனோன்னு ராத்திரி படுத்து யோசிப்பேன். என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலை." வீங்கிய விரல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூடிக்கொண்டார். "பின்னாடி போய், வந்த துணிக்கெல்லாம் ஆவி காட்டிச் சுருக்கம் எடுக்கிறேன். அதுல மாத்த ஒண்ணும் இல்ல."

"கொஞ்ச நாளைக்கு அப்படிச் செய்யலாம்" என்றாள் கேனர், அன்பாகத்தான். அந்த அன்பு ஜெனினின் அன்பு மாதிரியே இருந்தது. பெரில் தன் கோட்டை எடுக்கத் திரும்பியபோது அவர் முகத்தை வில்ஃப் பார்த்தார். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவர் பார்த்த அதே முகம். தன் தோளிலிருந்து இறங்கியது நேராக அந்தத் தோளில் போய் ஏறியிருக்கிறது. இறக்கி வைத்தது தான்தான்.

"பொறுங்க" என்றார். "பெரில், போகாதீங்க. ஒரே ஒரு தடவை. நான் இப்பதான் கடைக்குள்ள வரேன்னு வெச்சுக்கோங்க."

"வில்ஃப், விடுங்க."

"தயவுபண்ணி."

மாலுமி டப்பாவை மூடினார். எப்போதும் வைக்கிற மாதிரியே மேசைமேல் வைத்தார். தன் பக்கம் பார்த்து. மாலுமிகள் அவரைப் பார்த்து நேராக நின்றார்கள். பெரிலுக்குத் தலைகீழாகத் தொங்கினார்கள்.

"என்ன நம்பர்?"

பெரில் குனிந்து பார்த்தார். "எண்பத்தொம்பது."

"அறுபத்தெட்டு" என்றார் வில்ஃப்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். எண்பத்தொம்பது."

"அறுபத்தெட்டு. இங்க வந்து பாருங்க."

"ரெண்டு பேரும் என்ன, ஏலமா விடறீங்க?" என்றார் நாய்க்காரர். அவரும் எட்டிப் பார்த்தார். வில்ஃபின் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றிப் போய்ப் பெரிலின் பக்கத்திலிருந்து பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடவில்லை.

வில்ஃப் இழுப்பறையைக் கேட்டார். கேனர் தலையசைத்தாள். எண்பத்தொம்பதுக்குரிய இடம் காலி. அதில் இருந்த ஸ்பானிஷ் இப்போது அவர் கையில். அறுபத்தெட்டுக்குரிய இடத்தில் உறை பத்திரமாக இருந்தது. உருவிப் பார்த்தார். மாலுமிகளின் பாட்டு. அது போக வேண்டிய டப்பாவுக்காகக் காத்திருந்தது.

எப்படி நடக்கிறது என்பது அவருக்கு முழுதாகத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டால் வில்ஃபால் சும்மா இருக்க முடியாது. ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எண்களை எழுதிக் காட்டினார்.

"பெரிலுக்கு எல்லா டப்பாவும் தலைகீழாத்தான் வருது. ஏன்னா நாமதான் அவங்க கை வலிக்கும்னு மேசைல வெச்சுடறோம். முப்பத்தஞ்சு வந்தா தலைகீழா அது எண்ணாவே தெரியாது. உடனே டப்பாவைத் திருப்பிப் பார்ப்பாங்க, சரியா எடுப்பாங்க. ஆனா அறுபத்தெட்டைத் தலைகீழாப் பாத்தா எண்பத்தொம்பது. நல்ல எண். திருப்பிப் பாருன்னு அது சொல்லவே சொல்லாது. எண்பத்தாறு தொண்ணூத்தெட்டாகும். பதினாறு தொண்ணூத்தொண்ணாகும். நாம இங்க ஒண்ணுங்கற எண்ணை வெறும் கோடாத்தானே போடறோம், அதுக்கும் தலை வால் கிடையாது. ஆறு ஒம்பதாகும். அறுபத்தாறு தொண்ணூத்தொம்பதாகும்."

"அறுபத்தொம்பது?" என்றாள் பச்சைக் கோட்டுக்காரி.

"எழுதிப் பாருங்க. தலைகீழாவும் அறுபத்தொம்பதேதான். அது மாறவே மாறாது. அதனாலதான் எப்பவாவது ஒண்ணு மட்டும் மாறுது. ஸ்டிக்கர் சதுரமா இருந்தாலாவது கொஞ்சம் துப்பு கிடைச்சிருக்கும். வட்டத்துக்கு மேல் கீழ் ஏது?"

"அப்ப காணாமப் போன உறை?" என்றார் பெரில். இன்னும் கோட்டைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"காணாமப் போகலை. அறுபத்தெட்டுக்கு ஸ்பானிஷ் போயிடுச்சு. அப்புறம் யாராவது ஸ்பானிஷ் டப்பாவைக் கொண்டுவந்து சரியான பக்கமா வெச்சா, எண்பத்தொம்பதுல போய்த் தேடுவீங்க, இருக்காது. நீங்க எங்கயும் வெக்கலை. நான்தான் வாங்கிட்டுப் போய்ட்டேன்."

பெரில் மெதுவாகக் கோட்டை ஆணியில் திரும்ப மாட்டினார். கேனர் அவரையும் இழுப்பறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் பின்னாடி போகச் சொல்லியிருக்கக் கூடாது பெரில்."

"நான்தானே போறேன்னேன்" என்றார் பெரில். "இத்தனை நாளா படுத்து யோசிச்சது வேற கணக்கு."

அந்தக் கணக்கு வில்ஃபுக்கும் இருந்தது. அலமாரியில் மாறிக் கிடந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக மனதில் எடுத்துப் பார்த்தார். பேண்டு வாத்தியம் இந்தக் கடை. ஐரிஷ் பிடில் இந்தக் கடை. ஸ்டிக்கரையெல்லாம் சூடு காட்டி உரித்து எறிந்தது அவரே. எண் இருந்திருந்தால் என்றைக்கோ கண்ணில் பட்டிருக்கும். ஆனால் நீர்மூழ்கிக் கப்பல் பூனைக் கடையில் வாங்கியது. அங்கே சிடியும் டிவிடியும் டப்பாவுக்குள்ளேயே இருக்கும். எண்ணும் கிடையாது, இழுப்பறையும் கிடையாது. நாய்க்காரரைப் போல யாரோ ஒருவர் மாறிப்போனதைச் சத்தமில்லாமல் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். இல்லை, சமையலறை மேசையில் அவரே மாற்றி வைத்திருக்கலாம். இரண்டில் எது என்று சொல்ல இனி வழி இல்லை. நாளைக்கு டாக்டரிடம் போவார். கடிகாரம் வரைந்து காட்டுவார். அந்த ஒன்றை மட்டும் ஜெனினிடமும் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். ஒன்று என்றால் சொல்ல முடியும். அவரை வாயடைக்க வைத்தது அந்த அலமாரி முழுக்கத் தன்னால் மாறியது என்று நினைத்ததுதான்.

"இப்ப என்ன செய்யறது?" என்றாள் கேனர். "இருக்கற நம்பரையெல்லாம் கிழிச்சுட்டு அ, ஆன்னு எழுத்துப் போடணுமா? நூறு டப்பா இருக்கு. இல்ல, ஆறும் ஒம்பதும் வர்ற நம்பரையே விட்டுடலாமா?"

"ஒண்ணும் கிழிக்க வேண்டாம்" என்றார் வில்ஃப். "உங்க பேனாவைக் குடுங்க பெரில்."

பெரில் கறுப்புப் பட்டைப் பேனாவைக் கொடுத்தார். வில்ஃப் மாலுமி டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, ஸ்டிக்கரில் 68 என்று இருந்ததன் அடியில் குறுக்காக ஒரு கோடு போட்டார். டப்பாவை அப்படியே நகர்த்தி, பெரிலுக்குத் தலைகீழாகத் தெரியும்படி வைத்தார். அவருக்குக் கோடு எண்ணுக்கு மேலே கிடந்தது. பெரிலின் கை தானாக நீண்டு டப்பாவைத் திருப்பியது.

"அறுபத்தெட்டு" என்றார் பெரில்.

டப்பாவிலும் உறையிலும் ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ஒரு கோடு. கோடு இருக்கிற பக்கம்தான் கீழ்ப்பக்கம்.